மலையையே துளைக்கும் நியூட்ரினோ, போடியில் நின்றது ஏன்?

உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். சூரியனில் பிறந்த நியூட்ரினோக்கள் அதன் வழியே விநாடிக்குச் சுமார் 6,500 கோடி போய்க்கொண்டிருக்கின்றன. வலிக்குதா? இல்லையே! ராத்திரியிலும் ஓயாது, பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வரும்.

அதைப் பிடிக்க மலை எதுக்கு?

வானிலிருந்து பொழியும் மற்ற துகள்களின் இரைச்சலில் நியூட்ரினோவின் தடமே தெரியாது. போடியில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள் அல்லவா? இங்கே மலைதான் சல்லடை. ஒரு கிலோமீட்டர் பாறையைத் தாண்டி நியூட்ரினோ சுலபமாக வந்துவிடும். மற்றவை பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய விஞ்ஞானிகள் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். அங்கே பள்ளம் ஏற்கெனவே இருந்தது.

போடியில் என்ன சிக்கல்?

இங்கே மலையைப் புதிதாகக் குடைய வேண்டும். நீலகிரியின் சிங்காராவில் அனுமதி கிடைக்காததால், திட்டம் போடி மேற்கு மலையடியில் உள்ள பொட்டிபுரத்துக்கு வந்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. உள்ளே 50,000 டன் இரும்புக் கருவி வைப்பதாகத் திட்டம்.

‘நியூட்ரினோவால் ஆபத்தே இல்லை’ என்றார்கள் விஞ்ஞானிகள். அது சரிதான். ஆனால் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது: பாறைக்கு வெடி வைத்தால் ஊற்றும் கிணறும் என்னாகும்? முதல் பதிலை எத்தனை முறை சொன்னாலும் இந்தக் கவலை தீராது.

மதிகெட்டான்–பெரியாறு புலிகள் வழித்தடத்தைக் காரணம் காட்டி, திட்டத்துக்கு அனுமதி தர முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது தமிழக அரசு. நியூட்ரினோக்கள் வழக்கம்போல் பொட்டிபுரத்தைக் கடந்து போய்க்கொண்டே இருக்கின்றன.