தாத்தாவோட அம்பாசிடர்ல டேஷ்போர்டு இருட்டா இருக்கா? பல்பு மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஷெட்டில் பல வருஷமா தூங்கிட்டிருந்த தாத்தாவோட அம்பாசிடரை ஒருவழியா ஓட வெச்சுட்டீங்க. புது பேட்டரி, புது டயர், பெயின்ட் பாலிஷ்னு எல்லாம் முடிச்சு ரீல்ஸும் போட்டாச்சு. லைக்ஸ் குவியுது. ஒருநாள் ராத்திரி திண்டிவனம் தாண்டும்போதுதான் தெரியுது, டேஷ்போர்டு மொத்தமும் இருட்டு! பக்கத்து சீட்டில் இருக்கிற தம்பி செல்போன் டார்ச்சை அடிச்சு, "அண்ணே, பெட்ரோல் முள்ளு பாதியில இருக்கு"ன்னு படிச்சுச் சொல்லிட்டு வர்றான்.

சிரிப்பாத்தான் இருக்கும். "சின்ன பல்புதானே, அப்புறம் பார்த்துக்கலாம்"னும் தோணும். ஆனா, அந்தச் சின்ன பல்புகளில் ஒண்ணு, உங்க இன்ஜினோட உயிரையே காப்பாத்துற வேலையைப் பார்க்குது. எது அதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, இந்த வேலையைத் தள்ளிப்போட மாட்டீங்க.

வெளிச்சம் தர்ற பல்பு, சேதி சொல்ற பல்பு

பழைய கார் டேஷ்போர்டில் ரெண்டு வகை பல்புகள் இருக்கு. முதல் வகை, ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் மீட்டர், கடிகாரம் இதுக்கெல்லாம் பின்னாடி உட்கார்ந்து வெளிச்சம் மட்டும் தரும். பார்க்கிங் லைட்டைப் போட்டால்தான் எரியும். இது போனால் ராத்திரியில் கஷ்டம், அவ்வளவுதான்.

ரெண்டாவது வகைதான் முக்கியம். ஆயில் பிரஷர் விளக்கு, இக்னிஷன் விளக்கு ரெண்டும் இந்த வகை. சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் இருக்கும்போது இந்த ரெண்டும் எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும்.

ஆயில் விளக்கு எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன சுவிட்ச் திருகியிருக்கும். ஆயில் பிரஷர் இல்லாதபோது அது ஒயரை எர்த்தோடு சேர்த்துவிடும், விளக்கு எரியும். பிரஷர் வந்ததும் தொடர்பு விட்டுப்போகும், விளக்கு அணையும். அதாவது 'எல்லாம் நல்லா இருக்கு'ங்கிறதுக்கு அடையாளமே விளக்கு எரியாமல் இருக்கிறதுதான்.

சிக்கலும் அங்கேதான். பல்பு ஃபியூஸ் போயிருந்தாலும் விளக்கு எரியாது. ஆயில் சுத்தமா இறங்கி, பேரிங் உரசிக்கிட்டு ஓடினாலும் டேஷ்போர்டு அமைதியா இருக்கும். இன்ஜின் ஜாம் ஆக சில நிமிஷம் போதும். அதுக்கப்புறம் பல்பு செலவு இல்லை, இன்ஜின் வேலை செலவு!

பழைய கார் வாங்கப்போறவங்களுக்கும் இதுதான் பாடம். விற்கிறவர் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நீங்களே சாவியைப் போட்டுப் பாருங்க. ஆயில் விளக்கு எரியவே இல்லைன்னா, பல்பு போயிருக்கலாம். ஓடும்போது எரிஞ்சு தொல்லை கொடுத்ததால் யாரோ கழட்டியும் இருக்கலாம். சில வண்டிகளில் விளக்குக்குப் பதிலா ஆயில் பிரஷர் மீட்டரே இருக்கும். அதில் முள் ஏறுதான்னு பாருங்க.

குற்றவாளி பல்புதானா?

கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் துப்பறியுங்க.

எல்லா வெளிச்சமும் ஒரே நேரத்தில் போச்சா? அத்தனை பல்பும் ஒண்ணா சாகாது. முதலில் ஃபியூஸைப் பாருங்க. பழைய வண்டிகளில் ஃபியூஸ் நல்லா இருந்தாலும், அது உட்காரும் கிளிப்பில் பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும். உப்புத்தாள் வெச்சு லேசா தேய்ச்சாலே பல நேரம் உயிர் வந்துடும். அடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு உங்க வண்டியில் இருந்தால், அதை ரெண்டு பக்கமும் பத்து தடவை திருப்புங்க. உள்ளே இருக்கிற கம்பிச்சுருளில் படிஞ்ச துரு விலகி, விளக்கு எரிய வாய்ப்பு இருக்கு.

ஒரே ஒரு மீட்டர் மட்டும் இருட்டா? அப்போ பல்பு, ஹோல்டர், எர்த் இந்த மூணில் ஒண்ணு. பழைய பிரிட்டிஷ் பாணி மீட்டர்களில் ஹோல்டர் மீட்டரின் உலோக உடம்பு வழியாத்தான் எர்த் எடுக்கும். அங்கே துரு ஏறினால் புது பல்பும் மினுக் மினுக்னுதான் இருக்கும்.

ஆயில் விளக்கு எரியலையா? இன்ஜினில் இருக்கிற சுவிட்ச்சில் இருந்து ஒத்தை ஒயரைக் கழட்டி, சாவியைப் போட்டு, அந்த முனையை இன்ஜின் உலோகத்தில் தொட்டுப் பாருங்க. விளக்கு எரிஞ்சால் பல்பு நல்லா இருக்கு, சுவிட்ச்தான் போச்சு. எரியலைன்னா பல்போ ஒயரோ போச்சு.

கடையில் என்ன கேட்கணும்?

"அம்பாசிடர் டேஷ்போர்டு பல்பு கொடுங்க"ன்னு கேட்டால் கடைக்காரர் கையில் கிடைக்கிறதைக் கொடுத்துடுவார். அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார்ல இருந்து பிறந்தது. 2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கிற வரைக்கும் எத்தனையோ மாற்றங்கள். அதுக்கு மேல், உங்க வண்டியில் எத்தனை கை பட்டிருக்குமோ! பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வண்டிகளுக்கும் இதே கதைதான். அதனால் பழைய பல்பைக் கழட்டி, கையோட எடுத்துட்டுப் போங்க. சென்னைன்னா ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைப் பக்கம் போனால் பெரும்பாலும் கிடைச்சுடும்.

பொதுவா கண்ணில் படுற வகைகள் இவை:

• திருகு மரை உள்ள குட்டி பல்பு (இ10) – பிரிட்டிஷ் பாணி மீட்டர்களில் வரும். 12 வோல்ட், 2.2 வாட்.

• ரெண்டு பக்கமும் சின்னக் காது வெச்ச, அழுத்தித் திருப்புற பல்பு (பிஏ9எஸ்) – பெரும்பாலும் 4 வாட் வரை.

• உலோக அடியே இல்லாத, கண்ணாடியை அப்படியே சொருகுற பல்பு – சின்னது டி5, 1.2 வாட். பெரியது டி10, 5 வாட்.

வாட்டை மட்டும் இஷ்டத்துக்கு ஏத்தாதீங்க. 2.2 வாட் பல்பு சுமார் 0.18 ஆம்பியர் இழுக்கும். அதே இடத்தில் 5 வாட் போட்டால் 0.42 ஆம்பியர். சூடும் ரெண்டு மடங்குக்கு மேல். உள்ளே இருக்கிற பச்சை, நீல வடிகட்டியும் பிளாஸ்டிக்கும் 40, 50 வருஷம் பழசு. உருகினால் அதைத் தேடி அலையணும். 1950-களின் கார் வெச்சிருந்தால் இன்னொண்ணையும் பாருங்க, அது 6 வோல்ட் வண்டியாவும் இருக்கலாம்.

வேலையை ஆரம்பிக்கலாமா?

1. முதலில் பேட்டரியில் பாடிக்குப் போகும் எர்த் கேபிளைக் கழட்டுங்க. இதைத் தவிர்க்கவே கூடாது. கடிகாரத்துக்குச் சாவி இல்லாமலே எந்நேரமும் கரன்ட் வரும். டேஷ்போர்டுக்குப் பின்னாடி உங்க மோதிரமோ ஸ்பேனரோ அந்த ஒயரில் பட்டால் புகைதான். அப்படியே பாடிக்குப் போறது மைனஸா, பிளஸ்ஸான்னும் பார்த்துடுங்க. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலதில் பிளஸ்தான் எர்த்!

2. போனை எடுத்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க. எந்த ஒயர் எங்கே இருந்ததுன்னு பழைய ஒயரின் நிறத்தை நம்ப முடியாது. எல்லாமே பழுப்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்க.

3. கை நுழையுமான்னு பாருங்க. பல வண்டிகளில் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஹோல்டரை மெதுவா இழுத்தாலே பல்போட வெளியே வந்துடும். ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க, ஹோல்டரைப் பிடிங்க.

4. மீட்டரையே கழட்டணும்னா, முதலில் ஸ்பீடோமீட்டர் கேபிளின் வட்ட நட்டைக் கையாலேயே திருகிக் கழட்டுங்க. ஆயில் பிரஷர் மீட்டருக்கு சில வண்டிகளில் ஒயருக்குப் பதிலா மெல்லிய குழாய் போகும். உள்ளே ஆயில் இருக்கும். டெம்பரேச்சர் மீட்டரிலும் மூடப்பட்ட மெல்லிய குழாய் இருக்கலாம். அது ஒரு தடவை உடைஞ்சால் மீட்டரே வீண். குழாயைப் பார்த்தால் இழுக்காதீங்க. தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

5. புது பல்பைப் போடுறதுக்கு முன்னாடி ஹோல்டரின் உள்பக்கத்தையும், அது மீட்டரில் உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்ச்சுத் துடைங்க. பாதி வெற்றி இதில்தான்.

6. மூடுறதுக்கு முன்னாடி பேட்டரியைத் திரும்ப இணைச்சு டெஸ்ட் பண்ணுங்க. எல்லாத்தையும் பூட்டின பிறகு ஒரு பல்பு எரியலைன்னா வர்ற கோபம் இருக்கே... அனுபவிச்சவங்களைக் கேளுங்க!

வேலை முடிஞ்ச பிறகு பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்குதா? டேங்க் தானா நிறையலை. 1960-களுக்குப் பிறகு வந்த பல மீட்டர்களுக்குப் பின்னாடி, வோல்டேஜைச் சராசரியா 10 வோல்ட்டில் வெச்சிருக்கிற ஒரு சின்ன ஸ்டெபிலைசர் இருக்கும். அதோட எர்த் விட்டுப்போனால் இப்படித்தான் காட்டும். எர்த்தை இறுக்கினால் சரியாயிடும்.

எல்.இ.டி போடலாமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி. வெளிச்சம் தர்ற பல்புகளுக்குப் போடலாம். சூடும் கரன்ட்டும் கம்மி. ஆனா, பளீர் வெள்ளை வேண்டாம். பழைய மீட்டரின் அந்த இதமான மஞ்சள் போய், செல்போன் கடை மாதிரி ஆயிடும். 'வார்ம் வொய்ட்' கேட்டு வாங்குங்க. எல்.இ.டி-க்கு பிளஸ், மைனஸ் உண்டு. சொருகுற வகை பல்பு எரியலைன்னா திருப்பிப் போடுங்க. பழைய திருகில் வெளிச்சம் சரியா கூடிக் குறையாதுங்கிறதையும் மனசுல வெச்சுக்கோங்க.

இக்னிஷன் விளக்கில் மட்டும் எல்.இ.டி-யைப் போட்டுடாதீங்க. டைனமோ இருக்கிற வண்டியில் அந்த விளக்கு வெறும் சேதி சொல்றவர்தான். ஆனா, ஆல்டர்னேட்டர் வண்டிகளில் பலதில், அந்த பல்பு வழியாப் போகிற சின்ன கரன்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். எல்.இ.டி வழியாப் போகிற கரன்ட் அதுக்குப் பத்தாது. சார்ஜ் ஏறாமல், நடுரோட்டில் பேட்டரி இறங்கி நிற்பீங்க. டைனமோவை எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் மாட்டின அம்பாசிடர்கள் நிறைய இருக்கு. உங்களுடையது எதுன்னு பானட்டைத் திறந்து பார்த்துடுங்க. அந்த இடத்தில் பழைய 2.2 வாட் பல்பே ராஜா.

கடிகாரம் ஓடலையே...

கடிகாரத்தில் வெளிச்சம் வந்துடுச்சு, முள் மட்டும் நகரலையா? ரெண்டும் வேற வேற விஷயம். 1960, 70-களின் கார் கடிகாரங்களில் பலதும் உள்ளே ஸ்பிரிங்கில் ஓடுறவைதான். ஸ்பிரிங் தளர்ந்ததும் ரெண்டு முனைகள் தொட்டுக்கும். ஒரு மின்காந்தம் 'டக்'னு ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கிவிடும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை டேஷ்போர்டில் அந்தச் சத்தம் கேட்கும்.

பேட்டரி வீக் ஆனால் ஸ்பிரிங்கை முறுக்கப் பலம் இருக்காது. முனைகள் ஒட்டினபடியே நின்னு, சுருள் சூடாகி எரிஞ்சுடும். ஷெட்டில் பேட்டரியோட பல மாசம் நின்ன கார்களில் கடிகாரம் செத்துப்போறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இனி வண்டியை ரொம்ப நாள் நிறுத்தும்போது பேட்டரி கேபிளைக் கழட்டி வெச்சுடுங்க. செத்த கடிகாரத்தை பழைய கடிகாரம் ரிப்பேர் பண்றவர்கிட்ட காட்டலாம். உள்ளே குவார்ட்ஸ் மெஷின் மாத்துறதும் ஒரு வழி. முகம் பழசாவே இருக்கும்.

கடைசியா ஒரு பழக்கம்

எல்லா பல்பும் மாத்தி முடிச்சு, ராத்திரியில் ஒருதரம் பார்க்கிங் லைட்டைப் போட்டுப் பாருங்க. தாத்தா பார்த்த அதே வெளிச்சம் கண்ணுக்கு முன்னாடி வரும். தம்பியின் செல்போன் டார்ச்சுக்கு இனி வேலை இல்லை. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைங்க, தப்பே இல்லை.

ஆனா, இனிமேல் ஒவ்வொரு தடவையும் சாவியைப் போட்டதும் உடனே செல்ஃப் அடிக்காதீங்க. ஒரு நொடி நில்லுங்க. ஆயில் விளக்கு, இக்னிஷன் விளக்கு ரெண்டும் எரியுதான்னு பாருங்க. எரிஞ்சால் ஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டும் அணைஞ்சால் கிளம்புங்க. அணையலைன்னா உடனே இன்ஜினை நிறுத்திட்டு, பானட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை எடுங்க.