முட்டைக் கோழிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து

கோழிகள் தோல் முட்டை இடுவதாகவும், சந்தைக்குப் போகுமுன் முட்டைகள் கூடையிலேயே உடைந்து விடுவதாகவும் குடியானவர்கள் முறையிடுவதுண்டு. சிலர் இதனைக் கோழியின் ஜாதிக் குறையென்று எண்ணி, அதை விற்று விடுகின்றனர். பெரும்பாலும் குறை தீனியிலேயே உள்ளது.

முட்டை ஓட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 94 பங்கு கால்சியம் கார்பனேட் ஆகும். ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். உண்பதில் ஏறக்குறையப் பாதியே உடலிற் சேருமாதலால், நாள்தோறும் முட்டையிடும் கோழிக்குச் சுமார் 4 கிராம் அவசியம். அது தினம் தின்னும் 110 கிராம் தீனியும் சோளமேயானால், கிடைப்பது ஒரு கிராமில் இருபதிலொரு பங்கும் இராது. கேழ்வரகு மற்றத் தானியங்களினும் மேலானதே. ஆயினும் அதுவும் அரைக் கிராமுக்குக் குறைவாகவே தரும். மீதியைக் கோழி தன் எலும்பினின்றும் எடுத்து ஓட்டுக்குக் கொடுக்கிறது. நாளடைவில் ஓடு மெலியும், கால் தளரும், முட்டையும் நின்று போகும்.

மேய்ந்து திரியும் நாட்டுக் கோழி நத்தை, பூச்சி, கீரை முதலியவற்றால் ஒருவாறு சமாளிக்கும். அடைத்து வளர்க்கும் கோழிக்கு அவ்வழியில்லை. கோடையில் அது தீனியைக் குறைத்து இளைப்பதால் ஓடு இன்னும் மெலியும்.

இதற்குப் பரிகாரம் எளிது. சுடாத கிளிஞ்சலைக் கழுவி உலர்த்திச் சோள மணியளவாக உடைத்துத் தனிச் சட்டியில் வைக்க வேண்டும். கோழி தனக்கு வேண்டியதைத் தானே பொறுக்கிக் கொள்ளும். ஓடு பெரும்பாலும் இரவிலே உண்டாவதால் மாலையில் வைப்பது நலம். பருக்கைகள் இரைப்பையில் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரையும். முட்டை ஓட்டையும் வறுத்துப் பொடித்துக் கொடுக்கலாம். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தும் பழக்கம் உண்டாகும். வெற்றிலைச் சுண்ணாம்பும் நீற்றின சுண்ணாம்பும் வாயையும் குடலையும் புண்ணாக்குமாதலால் ஆகா. மணல் இரையை அரைக்க உதவுமேயன்றிக் கிளிஞ்சலுக்கு ஈடாகாது. கொடுத்த கால்சியம் உடலிற் சேர வைட்டமின் டி வேண்டுமாகையால், தினமும் சிறிது நேரம் வெயில் படச் செய்க.

குஞ்சுகளுக்கும், முட்டையிடத் தொடங்காத விடைகளுக்கும் கிளிஞ்சல் வைக்கலாகாது. மிகுந்த கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இவ்வாறு செய்தும் பதினைந்து நாளில் ஓடு திருந்தாவிடில் நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுக. கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தைக் கோழி வளர்ப்போருக்கு எடுத்துரைப்பார்களாக. ஒரு சட்டிக் கிளிஞ்சலின் செலவு, உடைந்து போகும் முட்டைகளின் நஷ்டத்திற்கு முன் மிகச் சொற்பமே.