காளைக்கு அஞ்சாத சாதுக் குதிரை

துணிச்சலான குதிரை சொன்னபடி கேட்காது, சாதுவான குதிரைக்குத் துணிச்சல் இருக்காது என்று நினைப்போர் உண்டு. போர்ச்சுகல் நாட்டின் லூசிட்டானோ குதிரையிடம் இவ்விரு குணங்களும் சேர்ந்தே இருக்கின்றன.

அந்த வட்டாரத்தின் பழைய ரோமானியப் பெயரான லூசிட்டானியா என்பதிலிருந்து வந்த பெயர் இது. ஆண் குதிரை சுமார் 1.6 மீட்டர் உயரமும் 500 கிலோ எடையும் இருக்கும். ஸ்பெயினின் ஆண்டலூசியக் குதிரையுடன் ஒன்றாகக் கருதப்பட்டு வந்த இது, 1960களில்தான் தனி இனமாகப் பதிவு செய்யப்பட்டது.

காளை கற்றுத்தந்த குணம்

போர்ச்சுகலில் குதிரைமேல் அமர்ந்து காளையுடன் மோதும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்தக் களத்தில் குதிரை காளையின் கொம்புக்கு மிக அருகில் சென்று, கடைசி நொடியில் விலக வேண்டும். மிரண்டாலும் ஆபத்து, அடங்காமல் பாய்ந்தாலும் ஆபத்து. எனவே அஞ்சாத, அதேசமயம் ஓட்டுபவரின் சிறு அசைவையும் உணர்ந்து அடங்கும் குதிரைகளையே பண்ணையாளர்கள் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கத்திற்குத் தேர்ந்தெடுத்தனர்.

உடலமைப்பும் கைகொடுக்கிறது. குறுகிய முதுகும் வலுவான பின்னங்கால்களும் இருப்பதால், எடையைப் பின்னுக்குத் தள்ளி, நின்ற இடத்திலேயே திரும்ப முடியும்.

இதே திறன் மற்ற வேலைகளுக்கும் பயன்படுகிறது. 2006 உலகக் குதிரையேற்ற விளையாட்டுகளில் பெல்ஜியத்தின் ஃபெலிக்ஸ் பிராசர், லூசிட்டானோக்கள் இழுத்த நான்கு குதிரை வண்டியை ஓட்டி வெற்றியாளரானார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், குதிரையின் நடைகளுக்குப் புள்ளி வழங்கும் டிரஸ்ஸாஜ் போட்டியில் ரூபி என்ற லூசிட்டானோ 16ஆம் இடத்தைப் பிடித்தது. மாடு மேய்க்கும் வேலையிலும் இவ்வினம் பேர்போனது.

குறுகிய வேர்

ஆனால் இந்த இனத்தின் அடித்தளம் குறுகலானது. 1748இல் மன்னர் ஐந்தாம் ஜோவாவ் தொடங்கிய ஆல்டர் அரச பண்ணையின் கதையே இதற்குச் சான்று. நெப்போலியன் படையெடுப்பில் நலிந்த அந்தப் பண்ணை, 1910இல் முடியாட்சி கவிழ்ந்தபின் அழியும் நிலைக்கே வந்தது. ருய் டி அன்ட்ராடே என்ற குதிரை வல்லுநர், எஞ்சிய சில குதிரைகளைக் கொண்டு அந்த வம்சத்தைக் காப்பாற்றினார்.

சில முன்னோர்களின் வாரிசுகளே மீண்டும் மீண்டும் இணைந்தால் மரபணு வேறுபாடு குறையும். 2012இல் வெளிவந்த வம்சாவளி ஆய்வு ஒன்று, லூசிட்டானோக் குட்டிகளின் சராசரி உள்ளினப்பெருக்க அளவு சுமார் 11 விழுக்காடு என்று கண்டது. தாயோ தந்தையோ ஒன்றாக உள்ள இரு குதிரைகள் இணைந்தால் பிறக்கும் குட்டிக்கு இது 12.5 விழுக்காடு. அதாவது, இந்தக் குதிரைகளில் பலவும் கிட்டத்தட்ட நெருங்கிய உறவினர்களின் பிள்ளைகள்! இதனால் கருவுறும் திறன் குறையலாம், பரம்பரைக் குறைபாடுகளும் தலைதூக்கலாம்.

பதிவேடு மூடப்பட்டுள்ளதால் வெளி இனத்தின் ரத்தத்தைக் கலக்க வழியில்லை. பரிசு வாங்கிய ஒரு சில ஆண் குதிரைகளையே எல்லோரும் நாடாமல், அதிகம் பயன்படுத்தப்படாத வம்சங்களையும் பண்ணையாளர்கள் சேர்த்துக்கொள்வதே இதற்குத் தீர்வு. தேர்ந்தெடுப்பால் உருவான குணத்தைக் காப்பதற்கும் கவனமான தேர்ந்தெடுப்பே தேவைப்படுகிறது.