அடிக்கும் முன்பே படிப்பவர்

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. ‘பக்’ எனப்படும் சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டைத்தான் மட்டையால் அடிக்கிறார்கள். அது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாயக்கூடும். பத்து மீட்டர் தூரத்திலிருந்து அந்த வேகத்தில் அடித்தால், கோலை அடைய கால் வினாடிகூட ஆகாது. வருவதைப் பார்த்த பிறகு தடுக்க நேரம் எங்கே?

ஆகவேதான் நல்ல கோல்காவலர் பக்கை மட்டுமன்றி, அடிக்க வருபவரையும் படிக்கிறார். மட்டையின் முகம் எப்பக்கம் திரும்புகிறது, கைகள் எங்கே இருக்கின்றன, தோள் எப்படிச் சாய்கிறது என்று கவனிக்கிறார். அடிப்பவரும் அவரைப் படித்துக்கொண்டே வருகிறார். அவசரப்பட்டு அசைந்தால், காலியான மூலையைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

செக் நாட்டின் டொமினிக் ஹாசெக்கை 1983இல் சிகாகோ குழு 199ஆவது ஆளாகத்தான் தேர்ந்தெடுத்தது. அங்கே மாற்று ஆட்டக்காரராக இருந்தவர், 1992இல் பஃபலோ குழுவுக்கு மாறினார். பிறகு சிறந்த கோல்காவலருக்கான வெசினா விருதை ஆறு முறை வென்றார். விழுந்து புரண்டு அவர் தடுப்பது பார்ப்பவருக்குத் தற்செயல் போலத் தோன்றும்.

தற்செயலா? 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவுடன் ஆட்டம் 1-1 எனச் சமநிலையானது. வெற்றியை முடிவு செய்ய, கனடாவின் ஐந்து வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தனித்து வந்தனர். ஒருவராலும் கோல் போட முடியவில்லை! இறுதியாட்டத்தில் ரஷ்யாவை 1-0 என வென்று செக் குழு தங்கம் பெற்றது.

கைகால்களின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் காப்பாற்றுவது கவனிப்புதான்.