ஓட்டைக்குள் ஒரு சினிமா

ஆரணியில் ஒரு தறி வீடு. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே, மரச்சட்டத்தில் ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து அட்டைகள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக ஓட்டைகள். மிதியை ஒருமுறை மிதித்தால் டக்கென்று ஓர் அட்டை புரளும். நாடா ஒருமுறை குறுக்கே ஓடும். கரையில் இருக்கும் ஜரிகை மாங்காய் ஒரு கோடு வளரும். சன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தில் கிளி விரட்டுவதற்காகப் பழைய டிவிடி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அது திரும்பும்போதெல்லாம் ஒரு துண்டு வானவில் உள்ளே வந்து, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவின்மேல் ஓடி மறைந்தது.

சினிமா நிறுவனங்கள் ஒரு படத்தின் சிறப்பு டிவிடிப் பதிப்பு இன்ன தேதியில் கடைக்கு வரும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே அறிவிக்கின்றன. சொன்ன நாளில் தட்டு வந்தும் விடுகிறது. எந்தத் தைரியத்தில் தேதி குறிக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அந்த அட்டையையும் அந்தத் தட்டையும் ஒரே பார்வையில் பார்த்த அன்றுதான் விடை பிடிபட்டது.

முதலில் அட்டை. பெட்டிக்குள் ஊசிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அட்டை வந்து அவற்றின்மேல் அழுந்தும். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், அதனோடு சேர்ந்த கொக்கி நிமிர்ந்தே நிற்கும், மேலே எழும் சட்டம் அதை மாட்டித் தூக்கும், பாவிழை எழும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகிவிடும், பாவிழை படுத்தே கிடக்கும். எழு, படு. இரண்டே சொற்கள்தான். 1804-இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு வடிவமைத்த இந்த ஏற்பாடுதான், பின்னாளில் கணிப்பொறிக்கும் துளை அட்டையைக் கொடுத்தது.

240 கொக்கி உள்ள பெட்டியில் ஓர் அட்டை 240 கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்கிறது. கணிப்பொறிக் கணக்கில் அது 30 பைட். பைட் என்பது எட்டு ஆம்-இல்லைகளின் ஒரு கட்டு. சாதாரண டிவிடி ஒன்று 470 கோடி பைட் கொள்ளும். அதை அட்டையாக அடிக்க வேண்டுமென்றால் 15 கோடியே 60 லட்சம் அட்டைகளுக்கு மேல் வேண்டும். ஓர் அட்டை 5 சென்டிமீட்டர் அகலம் என்றே வைத்து, எல்லாவற்றையும் கோத்து நீட்டினால் 7,800 கிலோமீட்டர் போகும். குமரியிலிருந்து காஷ்மீர் போய்த் திரும்பிய பிறகும் கையில் மீதி இருக்கும். அத்தனையும் கொய்யா மரத்தில் தொங்கும், உள்ளங்கை அளவுத் தட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

எப்படி அடங்கியது? தட்டின் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே ஒரு தடம் சுருண்டு சுருண்டு போகிறது. அதில் வரிசையாகப் பள்ளங்கள். மிகச் சிறிய பள்ளத்தின் நீளம் 0.4 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடைவெளி 0.74 மைக்ரான். பட்டுப்புழு நூற்கும் ஓர் இழையின் தடிமன் சுமார் 10 மைக்ரான். தறியில் ஓடும் நூலுக்குள் இப்படிப் பல இழைகள் சேர்ந்திருக்கும். அதில் ஒற்றை இழையைப் பிரித்துத் தட்டின்மேல் வைத்தால், அதன் அடியில் 13 சுற்றுகள் மறைந்துபோகும். அந்தச் சுருளை விரித்தால் 11.8 கிலோமீட்டர். ஒரு பட்டுக்கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இழை இருக்கும் என்பதால், ஒரு டிவிடி பன்னிரண்டு கூடுகளுக்குச் சமம் என்று நெசவாளர் கணக்கில் சொல்லலாம்.

பாவின்மேல் ஓடிய வானவில்லும் இதில் பிறந்ததுதான். சுற்றுகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவில் இருப்பதால், வெயில் பட்டதும் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில் பிரிந்து போகிறது. தட்டில் சாயம் என்று எதுவும் கிடையாது. மயிலின் கழுத்தும் இந்த வித்தைதான்: இறகின் நுண்ணிய அடுக்குகளே ஒளியைப் பிரித்து நீலமும் பச்சையும் காட்டுகின்றன. ஆரணிக்காரர்கள் அதே மயில்கழுத்து நிறத்தைப் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம் என்று வைத்து நெய்தே கொண்டுவந்துவிடுகிறார்கள். இயற்கை அடுக்கால் செய்ததை இவர்கள் இரண்டு நூலால் செய்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இவ்வளவு சிறிய பள்ளத்தைத் தொட்டுப் பார்க்க எந்த ஊசியாலும் முடியாது. அதனால் ஊசியின் இடத்தில் சிவப்பு லேசர். பள்ளத்தின் ஆழத்தை லேசர் அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்காக வைத்திருக்கிறார்கள். உள்ளே போகக் கால், திரும்பக் கால் என்று அங்கே போய்வரும் ஒளி, பக்கத்துச் சமதளத்திலிருந்து திரும்பும் ஒளியைவிட அரை அலை பின்தங்குகிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்க, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மங்குகின்றன. பளிச், மங்கல், பளிச். பள்ளம் ‘ஆம்’, சமதளம் ‘இல்லை’ என்று நினைக்கத் தோன்றும்; அப்படி அல்ல. பளிச்சிலிருந்து மங்கலுக்கும் மங்கலிலிருந்து பளிச்சுக்கும் மாறும் விளிம்புதான் ‘ஆம்’. மாற்றமில்லாமல் போகும் நீளம் முழுவதும் ‘இல்லை’. இப்படி நொடிக்கு 2.6 கோடி துணுக்குகளைக் கருவி வாசிக்கிறது.

ஆனாலும் இடம் போதாது. நம் பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு காட்சிச் சட்டகத்துக்கு 720-க்கு 576 புள்ளிகள். நொடிக்கு 25 சட்டகங்கள். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை அப்படியே எழுதினால் 130 ஜிபி தாண்டிவிடும். இரண்டு அடுக்குத் தட்டிலும் 8.5 ஜிபிதான் கொள்ளும். பதினாறில் பதினைந்து பங்கை எங்கே தொலைப்பது? விடை தறியிலேயே இருக்கிறது. புடவையின் முந்தானையில் ஒவ்வோர் இழைக்கும் தனி அட்டை உண்டு. உடலில் புட்டா வரும் இடத்துக்கு மட்டும் அட்டை. இடைவெளி முழுக்க வெறும் நெசவு. படச் சுருக்கமும் இப்படித்தான் நடக்கிறது. பாட்டுக்காட்சியில் பின்னால் நிற்கும் மலை அசையாது. அதை ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அடுத்த சட்டகங்களில் ‘மலை அங்கேயேதான் இருக்கிறது, நாயகி மட்டும் இவ்வளவு தூரம் நகர்ந்தாள்’ என்று எழுதினால் போதும். முழுச் சட்டகம் அரை நொடிக்கு ஒன்று வந்தாலே படம் ஓடும். மழையும் கூட்டமும் பறக்கும் புழுதியும்தான் இதற்குச் சிரமம், எல்லாமே அசைகிறது. சிறப்புப் பதிப்பு தயாரிப்பவர்கள் அந்தக் காட்சிகளைத் தேடித் தேடிக் கூடுதல் இடம் ஒதுக்குகிறார்கள்.

அட்டையில் ஓர் ஓட்டை தவறிப்போனால் கரை நெடுக அதே தவறு திரும்பத் திரும்ப வரும். கண்டுபிடித்து, காகிதம் ஒட்டி அடைத்து, சரியான இடத்தில் மறுபடி துளைக்க வேண்டும். தட்டிலோ கீறல் விழாத வீடே இல்லை. ஆனால் படம் பெரும்பாலும் நிற்பதில்லை. இதற்குக் காரணமானவர்கள் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள். அவர்கள் 1960-இல் வெளியிட்ட பிழைதிருத்த முறையை டிவிடியில் இப்படிப் பயன்படுத்துகிறார்கள்: தகவலை 192 வரிசை, 172 நிரல் என்று பாவும் ஊடையுமாகப் பரப்புகிறார்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் 10 பைட், ஒவ்வொரு நிரலின் அடியிலும் 16 பைட் காவலுக்கு நிறுத்துகிறார்கள். அந்தக் காவல் எண்கள் மற்ற எண்களிலிருந்து கணக்கிட்டு எடுத்தவை. நடுவில் ஓரளவு அழிந்தாலும் குறுக்குக் கணக்கு, நெடுக்குக் கணக்கு இரண்டையும் வைத்து அழிந்தது இன்னதுதான் என்று கருவியே எழுதிக்கொள்ளும். தடத்தோடு சுமார் 6 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறினாலும் தப்பித்துவிடும். கீறலுக்குள் பல ஆயிரம் பள்ளங்கள் போயிருக்கும். திரையில் நாயகன் வசனம் தடுமாறாது.

இன்னொன்றும் உண்டு. டிவிடி கருவிக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எந்த எழுத்தும் தெரியாது. பிறகு எப்படித் திரையின் அடியில் தமிழ் வசன வரி ஓடுகிறது? ஒவ்வொரு வரியையும் நான்கே நிறத்தில் ஒரு சின்னப் படமாக வரைந்து தட்டில் வைத்திருக்கிறார்கள். கருவி அதைப் படத்தின்மேல் ஒட்டிக் காட்டுகிறது. ஜரிகையில் பெயர் நெய்து தரும் தறிக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை என்பதைப் போலத்தான். இந்த எளிய யோசனையால், தமிழே அறியாத நாட்டில் செய்த கருவியிலும் ‘ழ’ பிசகாமல் வந்தது. ஒரு தட்டில் இப்படி 32 மொழி வரிகளுக்கு இடம் உண்டு, ஒலித்தடங்கள் 8.

சரி, தேதிக்கு வருவோம். எல்லாம் தயாரான பிறகு தட்டு அச்சாகும் முறையைப் பாருங்கள். மெருகிட்ட கண்ணாடி வட்டம் ஒன்றில் ஒளி பட்டால் மாறும் பூச்சைத் தடவி, லேசரால் பள்ளங்களை எழுதுகிறார்கள். அதன்மேல் நிக்கலைப் படியவைத்து உரித்தால் ஓர் உலோக வார்ப்பு கிடைக்கும். தொழிலில் அதற்கு அப்பா என்று பெயர். அப்பாவிலிருந்து அம்மா, அம்மாவிலிருந்து மகன்கள். மகன்தான் அச்சுத் தகடு. உருகிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அதன்மேல் அழுத்தினால், சில நொடிகளில் 11.8 கிலோமீட்டர் தடமும் ஒரே மூச்சில் பதிந்துவிடும். மேலே அலுமினியப் பூச்சு, இன்னொரு பாதியை ஒட்டினால் தட்டு தயார். ஒரு மகனிடமிருந்து பல்லாயிரம் தட்டுகள் பிறக்கும்.

ஆக, அறிவிப்பு வரும் நாளில் கைவேலை, கண்வேலை, பொறுமை எல்லாம் பெரும்பாலும் முடிந்திருக்கும். மீதி இருப்பது கடைகள் எத்தனை பிரதி கேட்கின்றன என்று எண்ணுவது, அட்டைப்பெட்டி அச்சடிப்பது, ஆலையில் முறை வாங்குவது, லாரியில் ஏற்றுவது. இவற்றுக்குத்தான் அந்த மூன்று மாதம். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் ஒவ்வொரு மாத நடுவிலும், மூன்று மாதம் கழித்து வரப்போகும் தட்டுகளை அறிவிக்கிறது.

அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும்? அதே நிறுவனம் 2015 நவம்பரில் வெளியிட்ட சத்யஜித் ராயின் அபு முப்படத்தைப் பாருங்கள். பதேர் பாஞ்சாலி, அபராஜிதோ, அபூர் சன்சார் ஆகியவற்றின் மூலச் சுருள்கள் 1993-இல் லண்டனில் ஒரு படச்சாலைத் தீயில் கருகின. கருகியவற்றை எறிய மனம் வராமல் அமெரிக்காவின் திரைப்பட அகாடமி எடுத்து வைத்தது. இருபது ஆண்டு கழித்து அவை இத்தாலியின் பொலோனா நகரத்துப் பட்டறைக்குப் போயின. முறுகி நொறுங்கும் சுருளுக்குக் கரைசலில் ஈரப்பதம் ஏற்றினார்கள். உருகி ஒட்டிய பசையைச் சுரண்டினார்கள். பிறகு, படச்சுருளின் ஓரத்து ஓட்டைகளைக் கையாலேயே செப்பனிட்டார்கள். ஒரு சட்டகத்துக்கு இருபுறமும் நான்கு நான்கு ஓட்டைகள். பதேர் பாஞ்சாலி போன்ற இரண்டு மணி நேரப் படத்தில் அப்படிச் சுமார் 14 லட்சம் ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டையில் பல்சக்கரம் சரியாக மாட்டினால்தான் படம் ஆடாமல் ஓடும். கையால் செய்த வேலை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். பதேர் பாஞ்சாலியில் 40 சதவீதமும் அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய மூலத்திலிருந்தே மீண்டன. அபூர் சன்சாரை வேறு பிரதிகளிலிருந்துதான் எடுக்க முடிந்தது. தீக்கும் தட்டுக்கும் நடுவே 22 ஆண்டுகள். அறிவிப்புக்கும் கடைக்கும் நடுவே மூன்று மாதம்.

தட்டு அடிக்கும் செலவு எவ்வளவு குறைவு என்பதை நம் ஊர் 2007-இல் கண்டது. மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் கடையில் வைத்தது. 2015-இல் இயக்குநர் சேரன், ‘ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தைத் திரையரங்குக்காகக் காத்திராமல், முன்கூட்டியே அறிவித்து, சி2எச் என்ற தன் திட்டத்தில் 50 ரூபாய் டிவிடியாக நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். துணிச்சலான காரியம். ஆனால் கீறலைத் துடைத்து, நிறத்தை மீட்டு, இயக்குநரின் விளக்கம் சேர்த்துத் தரும் சிறப்புப் பதிப்பு என்ற பழக்கம் தமிழில் வேரூன்றவே இல்லை. அது எனக்குத் தீராத வருத்தம்.

ஆரணித் தறியில் இந்தக் கணக்கு தலைகீழ். கட்டம் போட்ட தாளில் டிசைன் எழுதி, அட்டை அடித்து, கோத்து மாட்டியாகிவிட்டது என்றால் தட்டுத் தொழிலில் வேலை முடிந்த மாதிரி. இங்கே அப்போதுதான் தொடங்குகிறது. அட்டையை எத்தனை புடவைக்கு வேண்டுமானாலும் திரும்பத் திரும்ப ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு புடவையையும் முதல் இழையிலிருந்து கை, கால், கண் எல்லாம் சேர்ந்து மறுபடி நெய்தாக வேண்டும். சில நொடியில் பிறக்கும் மகன் இங்கே கிடையாது. தை முகூர்த்தத்துக்குப் புடவை வேண்டுமென்று கேட்பவரிடம் நெசவாளர் சொல்லும் தேதி, தன் உடம்பை வைத்துச் சொல்லும் தேதி.

பட்டு நெசவாளரின் வாழ்வைச் சொல்லி, 2007-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்ற பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்துக்கு ஒரு சிறப்புப் பதிப்பு வரவேண்டும் என்பது என் ஆசை. தட்டில் ஒலித்தடங்கள் எட்டு இருக்கின்றனவே. ஒன்றில் வசனம், ஒன்றில் இயக்குநர் பேச்சு. மூன்றாவதில் ஆரணித் தறியடியிலிருந்து ஒருவர் பேசட்டும்: பிரகாஷ்ராஜ் நாடாவை வீசும் காட்சி வரும்போது கை எப்படி இருக்க வேண்டும், இந்தப் பாவுக்கு எத்தனை இழை, எந்த நிறத்துக்கு எந்த ஊடை என்று. அவர் பேசி நிறுத்தும் இடங்களில், பின்னால் அட்டை புரளும் அந்த டக் சத்தமும் பதிவாகட்டும்.