தேங்காய் காட்டும் பாயின்ட்

ஆவடி பக்கம் பருத்திப்பட்டில் மனை வாங்கியவர்களுக்கு முதல் கவலை போர்வெல். உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு ஒருவர் மனையைச் சுற்றி வருவார். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் செங்கல் வைப்பார்கள். மறுநாள் திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்துவிடும். வங்கிக் கடனில் எழும் வீட்டின் தண்ணீரை ஒரு தேங்காய் முடிவு செய்கிறது!

நிலவியல் படிப்பு பற்றித்தான் எழுதச் சொன்னார்கள். எனக்குத் தேங்காயைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஆவடி வட்டாரத்தில் வண்டலுக்கு அடியில் கிடப்பது டைனோசர் காலத்துக் கோண்டுவானா களிப்பாறை. களி தண்ணீரைக் குடிக்கும், லேசில் விடாது. தெற்கே பரங்கிமலையில் சார்னகைட் என்ற கடும்பாறை. அங்கே வெடிப்புகளில்தான் ஊற்று. நிலவியல் படித்தவர் தரையில் நான்கு கம்பிகளை வரிசையாக அடித்து, ஓரக் கம்பிகளில் மின்சாரம் செலுத்தி, நடுக் கம்பிகளில் மின்னழுத்தத்தை அளப்பார். மின்தடை மிக அதிகமா, காய்ந்த பாறை. மிகக் குறைவா, களி அல்லது உப்புத் தண்ணீர். நடுவில் இருந்தால் நம்பிக் கொஞ்சம் செலவழிக்கலாம். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழம் தெரியும்.

இதைப் படிக்க வெகுதூரம் போக வேண்டாம். மாநிலக் கல்லூரியிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலும் நிலவியல் துறை இருக்கிறது. முதுநிலை முடித்தால் யுபிஎஸ்சி தேர்வு வழியாக, 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கோ போகலாம். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியிலேயே இதன் அடிப்படையைப் படித்துவிடுகிறார்கள். இங்கே சமுதாயக் கல்லூரிகள் பெரும்பாலும் கைத்தொழிலோடு சரி. வேலைக்குக் காலியிடம் குறைவு என்று பெற்றோர் தயங்குவதிலும் நியாயம் உண்டு.

பெயரிலேயே குழப்பம் வேறு. பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்றால் ஜியாகரபி. நிலவியல் என்ற சொல்லைப் பல பிள்ளைகள் கேள்விப்படுவதே கல்லூரி விண்ணப்பத்தில்தான். இத்தனைக்கும், ஆவடி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863இல் கற்கோடரிகளைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு நிலவியலாளர். அங்கே கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது என்று 2011இல் அறிவித்தார்கள்.

போர் போடப் போகிறவர்களே, ரிக்குக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த நாலு கம்பிக்காரரை ஒருமுறை கூப்பிடுங்கள். தேங்காய் சட்னிக்கு ஆகும்.