எண்ணிம ஒளிப்படக்கருவிச் சந்தை

எண்ணிம ஒளிப்படக்கருவிச் சந்தை என்பது, படச்சுருள் இன்றி ஒளியுணரியின் துணையால் படம் பதியும் கருவிகளின் உற்பத்தி, விலை, விற்பனை ஆகியவற்றை உள்ளடக்கிய துறையாகும். குறுகிய காலத்தில் விலைகள் பெருமளவு வீழ்ந்த துறைகளுள் இதுவும் ஒன்று. கானன், நிக்கான், சோனி, புஜிபிலிம், பானசோனிக் முதலிய ஜப்பானிய நிறுவனங்களே இத்துறையில் முன்னணியில் உள்ளன.

தொடக்ககால விலைகள்

1975 ஆம் ஆண்டு கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் எண்ணிம ஒளிப்படக்கருவியை உருவாக்கினார். அது விற்பனைக்கு வரவில்லை. 1991 இல் நிக்கான் எப்3 கருவியை அடிப்படையாகக் கொண்டு கோடாக் வெளியிட்ட 1.3 மெகாபிக்சல் கருவியின் விலை சுமார் 20,000 அமெரிக்க டாலர் ஆகும். செய்தி நிறுவனங்கள் போன்றவையே அதனை வாங்க இயன்றது. 1994 இல் ஆப்பிள் நிறுவனத்தின் குவிக்டேக் 100, 749 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 1999 இல் வெளியான நிக்கான் டி1, 5,000 டாலருக்கும் கூடுதலான விலை கொண்டிருந்தது.

உணரியின் பரப்பும் விலையும்

கருவியின் விலையைத் தீர்மானிப்பதில் உணரியின் பரப்பு முதன்மையானது. உணரிகள் வட்டமான சிலிக்கான் தகட்டில் உருவாக்கப்பட்டு, பின்னர் தனித்தனியே வெட்டி எடுக்கப்படுகின்றன. ஒரு தகட்டில் 20 பெரிய உணரிகள் அல்லது 1,000 சிறிய உணரிகள் அமைவதாகவும், தகட்டில் 10 இடங்களில் குறை இருப்பதாகவும் கொள்வோம். பெரிய உணரிகளில் பாதி வரை வீணாகலாம். சிறியவற்றில் நூற்றுக்கு ஒன்றே வீணாகும். 36 × 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்ட உணரி கொண்ட கருவிகள் இன்றும் விலை கூடியவையாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

விலைப் போட்டி

2003 இல் கானன் வெளியிட்ட ஈஓஎஸ் 300டி, வில்லையின்றி 899 டாலருக்கு விற்கப்பட்டது. 1,000 டாலருக்குக் குறைந்த விலையில் ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவி கிடைத்தது பொதுமக்களை ஈர்த்தது. 2004 இல் நிக்கான் டி70 கருவியை 999 டாலருக்கு வெளியிட்டுப் போட்டியிட்டது.

300டி கருவியில், 1,499 டாலர் விலையுள்ள 10டி கருவியில் இருந்த அதே 6.3 மெகாபிக்சல் உணரியே இருந்தது. உடற்பகுதி நெகிழியால் செய்யப்பட்டது; சில வசதிகள் மென்பொருள் வழியாக முடக்கப்பட்டிருந்தன. பயனர்கள் சிலர் அம்மென்பொருளை மாற்றி அவற்றுட் சிலவற்றை மீட்டெடுத்தனர். விலை வேறுபாடு உற்பத்திச் செலவால் மட்டுமன்றி, வாங்குவோரைப் பிரிக்கும் நோக்கத்தாலும் அமைகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு நிறுவனத்தின் வில்லைகள் பொதுவாக மற்றொரு நிறுவனத்தின் கருவியில் நேரடியாகப் பொருந்துவதில்லை. எனவே குறைந்த விலையில் கருவியை விற்றாலும், அதை வாங்கியவர் பிற்காலத்தில் வாங்கும் வில்லைகளால் நிறுவனம் வருவாய் ஈட்டுகிறது.

மெகாபிக்சல் எண்ணிக்கை

சிறிய கருவிகளின் சந்தையில் மெகாபிக்சல் எண்ணே முதன்மை விளம்பரமாக இருந்தது. எனினும் 6 × 4 அங்குல அச்சுக்கு, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம், சுமார் 2 மெகாபிக்சல் போதுமானது. அதே பரப்பில் புள்ளிகளைக் கூட்டினால் ஒவ்வொன்றும் பெறும் ஒளி குறைந்து, மங்கிய வெளிச்சத்தில் இரைச்சல் தோன்றும். கானன் ஜி10 (2008) 14.7 மெகாபிக்சல் கொண்டிருக்க, அதன் பின்வந்த ஜி11 (2009) 10 மெகாபிக்சலாகக் குறைக்கப்பட்டது.

வீழ்ச்சியும் மாற்றமும்

போட்டியால் இலாபம் சுருங்கியது. 2006 இல் கோனிக்கா மினோல்ட்டா இத்துறையை விட்டு விலகியது. 2010 இல் ஜப்பானிய நிறுவனங்கள் முதலியவற்றின் ஏற்றுமதி சுமார் 12 கோடி கருவிகளாக உச்சத்தை எட்டியது. பின்னர் திறன்பேசிகள் சிறிய கருவிகளின் இடத்தைப் பிடித்தன. 2020 இல் அவ்வெண்ணிக்கை 90 இலட்சத்திற்கும் கீழே சென்றது. முதல் கருவியை உருவாக்கிய கோடாக் 2012 இல் திவால் பாதுகாப்புக் கோரியதுடன், எண்ணிமக் கருவி உற்பத்தியையும் கைவிட்டது. 2018 இல் காசியோ சிறிய கருவிகளை நிறுத்தியது.

எஞ்சிய நிறுவனங்கள் எண்ணிக்கையை விடுத்து, விலை கூடிய ஆடியற்ற கருவிகளில் கவனம் செலுத்தின. 2024 இல் புஜிபிலிம் வெளியிட்ட எக்ஸ்100விஐ 1,599 டாலர் விலையிலும் தட்டுப்பாடு ஏற்படும் அளவுக்கு வரவேற்பைப் பெற்றது. மலிவான கருவிகளின் தேவையைத் திறன்பேசி நிறைவு செய்ய, தனிக் கருவி மீண்டும் ஆர்வலர்க்கும் தொழில்முறைக் கலைஞர்க்கும் உரிய பொருளாக மாறி வருகிறது.

இவற்றையும் பார்க்க

ஒளிப்படவியல்
ஒளியுணரி
வில்லை